'நாளைக்கு வர்றேன்'... இங்கிலீஷில் எப்படிச் சொல்வீர்கள்?

கேளம்பாக்கத்தில் இங்கிலீஷ், பள்ளிப் புத்தகத்தோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை. பக்கத்திலேயே சிறுசேரி சிப்காட் ஐ.டி பூங்கா. இன்டர்வியூவோ, வெளிநாட்டு கிளையன்ட்டுடன் மீட்டிங்கோ, முதல் பேச்சே 'நாளைக்கு எத்தனை மணிக்கு?' என்பதுதான். நன்றாகப் பேசுகிறவர்கள்கூட அங்கேதான் சறுக்குவார்கள்.

காரணம், எதிர்காலம் என்றால் 'வில்' என்று மனதில் பதிந்துபோன பாடம். 'வாட் ஆர் யூ டூயிங் டுமாரோ?' என்று கேட்டால், 'ஐ வில் மீட் மை மேனேஜர்' என்று பதில் வரும். இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால், கேட்பவருக்கு அந்த நிமிடம் எடுத்த முடிவுபோலத் தோன்றும். ஏற்கெனவே நேரம் குறித்தாகிவிட்டது என்றால், 'ஐ ஆம் மீட்டிங் மை மேனேஜர் அட் டென்' என்பதுதான் இயல்பு.

இது தமிழருக்குப் புதிதும் இல்லை. 'நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்தில்தானே வீட்டில் சொல்கிறார்கள்? 'பார்ப்பேன்' என்றால் சபதம் போடுவதுபோல இருக்கும்!

அப்படியானால் 'வில்' எதற்கு? ஆஸ்பத்திரிக்கு போன் செய்கிறீர்கள். பத்து மணிக்கு இடமில்லை, பதினொன்றரைக்கு வரமுடியுமா என்கிறார்கள். 'ஓகே, ஐ வில் கம் அட் லெவன் தர்ட்டி.' அப்போதே எடுத்த முடிவு, அதனால் 'வில்'. போனை வைத்துவிட்டு ஆபீஸில் லீவு கேட்கும்போது, 'ஐ ஆம் சீயிங் தி டாக்டர் அட் லெவன் தர்ட்டி.' தமிழில் இரண்டு இடத்திலும் நிகழ்காலமே போதும். குழப்பம் வருவது அதனால்தான்.

நேரம் குறிக்காமல், மனதில் மட்டும் முடிவு செய்திருந்தால் 'கோயிங் டு'. நம் 'வாங்கப் போறேன்' அப்படியே அதுதான். பஸ், ரயில் அட்டவணைக்கு, 'தி பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்.'

நிஜமான பிழை ஒன்று உண்டு: 'வென் ஐ வில் ரீச் கேளம்பாக்கம், ஐ வில் கால் யூ.' முதல் 'வில்' வரவே கூடாது. 'வென் ஐ ரீச்' போதும். 'ஐ ஆம் ஹேவிங் அன் அப்பாயின்ட்மென்ட்' என்பதும் வேண்டாம். 'ஐ ஹேவ்' என்றாலே முடிந்தது.

'ப்ரீபோன்' ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. ஆனாலும் அமெரிக்கர் விழிக்கலாம். அவரிடம் 'கேன் வி மீட் எர்லியர்?' என்று கேளுங்கள். தேதியையும் 5/6 என்று அனுப்பாதீர்கள். இங்கே அது ஜூன் 5. அவருக்கு மே 6. மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டுவிட்டால், ஒரு மாதம் முன்பே அவர் வீடியோ காலில் தனியாகக் காத்திருக்க மாட்டார்.