சங்கிலிக் கூடையைத் தேடும் தட்டு

கண்டியில் சமதரை கிடைப்பது அரிது. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் நாலு மரம். கிரிக்கெட்டுக்கு இது தொல்லை. டிஸ்க் கோல்ஃபுக்கு இதுவே வசதி.

பந்து, மட்டை, குழி எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. கம்பத்தில் பொருத்திய சங்கிலிக் கூடைக்குள் தட்டு விழுந்தால் அடுத்த கூடைக்கு நடை. குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவருக்கு வெற்றி. ரஜவெல்லயில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டியுள்ள கோல்ஃப் மைதானத்துக்கு வேண்டிய புல்தரைப் பராமரிப்பு இதற்கு வேண்டாம். ஒன்பது கூடைகள் நட்டால் சிறிய களம் தயார்.

கூடையின் மேலே சங்கிலிகள் எதற்கு? 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தபோது வெறும் கம்பங்களே இலக்கு. பட்டதா, படவில்லையா என்று தகராறு வராமல் இருக்குமா? தொங்கும் சங்கிலிகள் தட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு அதைக் கீழே கூடைக்குள் இறக்கிவிடும். 1977இல் இந்தச் சங்கிலிக் கூடைக்கு ஹெட்ரிக் காப்புரிமை பெற்றார். 2002இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். இப்படியும் ஒரு பித்து!

தட்டின் சூட்சுமம் சுழற்சியில் இருக்கிறது. குவிந்த மேற்புறம் காற்றில் இறக்கைபோல் தூக்கு விசை பெறும். ஆனால் அந்த விசை எப்போதும் தட்டின் நடுமையத்தில் செயல்படுவதில்லை. சுழலாத தட்டு உடனே குப்புறக் கவிழும். சுழலும் தட்டோ பம்பரம்போல் நிலைகொள்ளும். அதைக் கவிழ்க்க வரும் விசையின் விளைவு தொண்ணூறு பாகை தள்ளித் தெரிவதால், முன்விளிம்பு எழுவதற்குப் பதில் தட்டு பக்கவாட்டில் சாயும். வலது கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து எறிந்தால், வேகமுள்ளபோது தட்டு நேராகவோ சற்று வலப்புறமாகவோ போகும். வேகம் தணிந்ததும் இடப்புறம் சரியும். மரத்தைச் சுற்றி எறிவதும் இந்தச் சரிவை நம்பித்தான். தோள் பலத்தைவிட மணிக்கட்டின் சொடுக்கே முக்கியம் என்பேன்.

கண்டி ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கொழும்பைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைவு. தட்டு ஒரு சிறிது முன்னதாகவே இடப்புறம் திரும்பும். புதியவருக்கு அது தெரியவே தெரியாது. மழைதான் உண்மையான எதிரி. ஈரத் தட்டு விரலில் வழுக்கினால் சுழற்சி போச்சு; துவாய் ஒன்று கையில் இருக்கட்டும்.

கோல்ஃப் தட்டு கடற்கரை விளையாட்டுத் தட்டைவிடச் சிறியது, கனமானது, விளிம்பு மெல்லியது. முகத்தில் பட்டால் காயம் நிச்சயம். ஆகவே ஆட்கள் நடக்கும் கண்டி வாவிக்கரை வேண்டாம். பெரும்பாலான தட்டுகள் நீரில் மூழ்கியும் விடும். உடவத்தக்கலை சரணாலயம், பேராதனைப் பூங்கா பக்கமும் போகவேண்டாம். அடிபட்ட மரப்பட்டை எளிதில் ஆறாது.

தொடங்குபவர் மெதுவாகப் பறக்கும் ‘பட்டர்’ வகைத் தட்டு ஒன்றை வாங்கினால் போதும். முக்காலிமேல் துணிக்கூடையை வைத்து ஐந்து மீட்டரிலிருந்து எறிந்து பழகலாம். போட்டியில் கூடைக்குப் பத்து மீட்டருக்குள் நின்று எறிந்தால், உடல் நிலைகொள்ளும்வரை முன்னே கால் வைக்கக் கூடாது. அதையும் அப்போதே பழகிக்கொள்வது நல்லது.