புதிய வெளியீடும் அதன் குறிப்பும்

காவிரியில் நீர் மிகும் காலத்தில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பது நம் திருச்சிக்குப் பழக்கமான செய்தி. முன்னாளில் தண்டோரா போட்டார்கள். பின்னர் ஒலிபெருக்கி வந்தது. அவ்வறிவிப்பில் அணையின் பெருமை ஒரு சொல்லேனும் இராது. எத்தனை கன அடி நீர் வருகிறது, யார் கரையை விட்டு அகல வேண்டும், எந்தப் படித்துறையில் இறங்கக் கூடாது என்ற அளவோடு அது நின்றுவிடும். கணிப்பொறியின் இயங்குதளம் புதிய பதிப்பாக வெளிவரும்போது உடன் வருகின்ற ‘வெளியீட்டுக் குறிப்பு’ என்னும் ஏட்டைப் பற்றிப் பேச எண்ணியதும், இந்தத் தண்டோராவே என் நினைவுக்கு வந்தது.

கணிப்பொறியின் உறுப்புகளையும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து நடத்துவது இயங்குதளம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமையோடு வருவது கட்டற்ற இயங்குதளம். அவ்வகையில் புகழ்பெற்றது டெபியன். 1993ஆம் ஆண்டில் இயான் மர்டாக் என்னும் மாணவர் தொடங்கிய இதனை, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் வளர்த்து வருகின்றனர். அதன் 11ஆம் பதிப்பு 2021இலும், 12ஆம் பதிப்பு 2023இலும், 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வெளிவந்தன. (பதிப்புகளுக்குச் சிறுவர் திரைப்படமொன்றின் பொம்மைப் பாத்திரங்களின் பெயரைச் சூட்டுவது அவர்கள் வழக்கம்.) சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளமும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே. ஆகவே டெபியனில் நிகழும் மாற்றம் நம்மூர்ப் பள்ளிக் கணிப்பொறி வரையில் வந்து சேரக் கூடியது.

டெபியனின் குறிப்பேட்டில் புதுமைகளைச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. பலரும் அதனையே படிப்பார்கள். ஆனால் ஏட்டின் உயிர் வேறிரண்டு பகுதிகளில் இருக்கிறது. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறும் முறையைப் படிப்படியாகக் கூறுவது ஒன்று. மாறுவோர் அறிந்திருக்க வேண்டிய இடர்களைக் கூறுவது மற்றொன்று. 10ஆம் பதிப்பிலிருந்து 11க்கு மாறியபோது, பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரும் முகவரியின் பெயரமைப்பு மாறிற்று. கோப்பு ஒன்றில் ஒரேயொரு வரியைத் திருத்தினால் போதும். திருத்தாதவர் கணிப்பொறிக்கு அத்திருத்தங்கள் வந்து சேரா. 13ஆம் பதிப்பிலோ செய்தி இன்னும் கடுமையானது: ‘ஐ-386’ எனப்படும் பழைய 32 பிட் முறையில் இயங்குவோர் இப்பதிப்புக்கு மாறக் கூடாது.

சென்ற ஆண்டு இது தொடர்பாக ஒரு சிறு நிகழ்ச்சி. தென்னூரில் எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவன் ஒருவன், தன் அண்ணன் விட்டுச்சென்ற பழைய கணிப்பொறியைப் புதுப்பிக்கும் ஆவலோடு என்னிடம் வந்தான். மூன்றாண்டுப் பாடக் குறிப்புகளும் அதில்தான் இருந்தன. வேறு படி கிடையாது. முதலில் குறிப்பேட்டைப் படி என்றேன். படித்துவிட்டு அவன் கேட்டான்: “சார், இதில் ஐ-386 என்கிறார்களே, என் கணிப்பொறி அதுவா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுகொள்வது?”

எனக்கு அக்கேள்வி புதிதாக இருந்தது. பல்லாண்டு பழகியவனுக்கு அது தோன்றவே தோன்றாது. கணிப்பொறியின் செயலி வேறு, அதில் நிறுவப்பட்ட தளம் வேறு. 64 பிட் செயலியின்மேல் 32 பிட் தளத்தை நிறுவியிருக்கவும் கூடும். சோதித்துப் பார்த்தோம், அவனுடையது அப்படித்தான் இருந்தது. பாடக் குறிப்புகளை வேறோர் வட்டில் படியெடுத்துக்கொண்டு, 64 பிட் தளத்தைப் புதிதாகவே நிறுவினோம். நேரே மாற முயன்றிருந்தால் அந்த வாரத் தேர்வுக்கு அவன் கையில் ஏடு இருந்திருக்குமா என்பது ஐயமே.

குறிப்பேட்டைச் செம்மை செய்வது என்றால் என்ன என்பதற்கு அவன் கேள்வியே விடை என்று கருதுகிறேன். எழுதுபவர் அறிஞர், ஆதலால் வாசகனுக்கும் தெரியும் என்று ஒரு படியைத் தாண்டிவிடுகிறார். தாண்டிய இடம் தடுக்கி விழுந்தவனுக்கே தெரிகிறது. ‘இம்மாற்றம் சிலரைப் பாதிக்கக்கூடும்’ என்று எழுதுவது எளிது. யாரை, எப்போது, அவர் என் செய்ய வேண்டும், செய்யாவிடில் என்னாகும் என்னும் நான்கையும் சொன்னாலன்றி அது எச்சரிக்கை ஆகாது.

டெபியனில் மென்பொருட் பிழைகளைப் பதிவு செய்யும் ஏட்டில், வெளியீட்டுக் குறிப்பின் குறைகளுக்கென்றே தனித் தலைப்பு உண்டு. பதிப்பு மாறிய அனுபவத்தை எழுதியனுப்புக என்று வாசகரைக் குறிப்பேடே கேட்டுக்கொள்கிறது; மாறும்போது திரையில் தோன்றுவனவற்றைப் பதிவு செய்துகொள்ளும் வழியையும் கற்பிக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் இத்தொண்டில் இறங்கலாம். ‘குறிப்பு விளங்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் பயன் சிறிது. எந்தப் பத்தி, தான் எவ்வாறு பொருள் கொண்டார், என்ன நேர்ந்தது, எவ்வாறு எழுதியிருக்கலாம் என்று சொல்பவரின் கடிதமே திருத்துவோர் கைக்கு உதவும்.

மொழிபெயர்ப்பாளரும் இதில் பெருந்துணை. ‘பழைய பொதிகள் முன்னதாக நீக்கப்பட வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையாக இருப்பதைத் தமிழில் செய்வினையாக்க முற்படும்போதே, நீக்குவது நாமா, கணிப்பொறி தானே நீக்கிக்கொள்ளுமா என்ற வினா எழும். அவ்வினாவுக்கு விடை காணும்போது ஆங்கில மூலமும் திருந்தும்.

அம்மாணவனும் நானும் அவன் கேள்வியைக் கடிதமாக எழுத அமர்ந்தோம். முதலில் ஒரு பக்கம் எழுதினான். அதில் பாதி அவன் கணிப்பொறியின் வரலாறு. அடித்து அடித்து எழுதி நான்கு வரிகளாக்குவதற்குள் உழவர் சந்தையில் கடைகளைக் கட்டிவிட்டார்கள். நான் வாங்கச் சொல்லப்பட்ட கத்தரிக்காயும் வாங்காமலே போயிற்று.