அரண்மனை முற்றமும் லயத்து வாசலும்: இவ்வாண்டு வாசித்த நான்கு வரலாற்று நாவல்கள்

வரலாற்று நாவல் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன குதிரைகளும் கோட்டை மதில்களும் சுரங்கப் பாதைகளும்தான். அரசரைப் பற்றியதே வரலாறு, ஆகவே அரசரைப் பற்றியதே வரலாற்று நாவல் என்ற எண்ணம் எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. கடந்த ஓராண்டில் வாசித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த நான்கு நாவல்களுள் ஒன்று அரண்மனையில் நடக்கிறது. மற்றொன்று ஒரு கடற்கரை முஸ்லிம் ஊரில் நடக்கிறது. ஏனைய இரண்டும் தேயிலை மலைகளில் நடக்கின்றன. இந்நான்கையும் அடுத்தடுத்து வாசித்தால், வரலாற்று நாவல் எதற்காக எழுதப்படுகிறது என்பது நன்கு விளங்கும்.

வரலாற்று நாவல் என்பது எது?

எழுதியவர் தம் காலத்துக்கு முற்பட்ட ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு, அக்காலத்து மனிதரை எம் கண்முன் நடமாடவிடுவதே வரலாற்று நாவல். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணின் கதை. இன்று அது எமக்கு வரலாறாகத் தோன்றினாலும், அவர் எழுதியது தம் காலத்தைப் பற்றித்தான். எனவே அதை வரலாற்றுக் கதை என்பதைவிட, காலம் வரலாறாக்கிய கதை என்பதே பொருத்தம்.

வரலாற்றாசிரியர் சான்று முடியுமிடத்தில் நின்றுவிடுவார். நாவலாசிரியரோ அங்கிருந்துதான் புறப்படுகிறார். ஆகையால் ஒரு வரலாற்று நாவலைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இதில் சான்றுள்ளது எது? ஆசிரியர் கற்பனையால் நிரப்பியது எது? கதை யாருடைய வாசலில் நின்று சொல்லப்படுகிறது?

பொன்னியின் செல்வன்

கல்கி 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் தொடராக எழுதிய நாவல் இது. ஐந்து பாகங்கள் என்று அஞ்சத் தேவையில்லை, தொடங்கினால் கீழே வைக்க மனம் வராது.

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. காட்டுமன்னார்கோவில் அருகே உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, அக்கொலைக்குக் காரணமான துரோகிகளின் பெயர்களைக் கூறி, அவர்களுடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதை அது சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் கல்கி நந்தினியை உருவாக்கினார். வந்தியத்தேவன் கல்வெட்டில் உள்ளவன், நந்தினி கல்கியின் கற்பனையில் பிறந்தவள். ஆயினும் வாசித்து முடித்த பின் எம் மனதில் நிலைப்பவள் நந்தினிதான்.

இலங்கை வாசகர் நின்று யோசிக்க வேண்டிய இடமொன்றும் இதில் உண்டு. நாவலில் அருள்மொழிவர்மர் ஈழத்துக்கு வந்து, போரில் சிதைந்த பௌத்த விகாரைகளைத் திருத்திக் கொடுக்கிறார். ஆனால் சூளவம்சம் தரும் சித்திரம் வேறு. சோழப் படைகள் விகாரைகளைக் கொள்ளையிட்டதையும், உருகுணைக்குச் சென்றிருந்த ஐந்தாம் மகிந்த மன்னன் பிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும் அது கூறுகிறது. மன்னன் பிடிபட்டது 1017இல், இராஜேந்திர சோழன் காலத்தில்.

கொஸ்லந்தவிலிருந்து தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்கினால் நாம் நிற்பது பழைய உருகுணை மண்ணில். அங்கே புதுருவகலப் பாறையில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ அதே நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பர். ஒரே போரைத் தஞ்சாவூரிலிருந்து பார்ப்பதும் உருகுணையிலிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. இதனால் கல்கியின் சுவை குறைந்துவிடாது, எம் வாசிப்புத்தான் கூர்மையாகும்.

ஒரு கடலோர கிராமத்தின் கதை

தோப்பில் முகமது மீரான் பிறந்த ஊர் தமிழகத்தின் தென்கோடியிலுள்ள தேங்காய்ப்பட்டணம். 1988இல் நூலாக வந்த இந்நாவல், சுதந்திரத்துக்கு முந்திய காலத்து அப்படியான ஒரு கடற்கரை முஸ்லிம் ஊரைக் காட்டுகிறது. பின்னர் ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997இல் இவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இக்கதையில் அரசன் இல்லை. ஊரை ஆளும் முதலாளி இருக்கிறார். அவருக்கு அஞ்சி வாழும் ஏழைகளும், மார்க்கத்தின் பெயரால் ஊரை ஏமாற்றுவோரும் இருக்கிறார்கள். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்று வரப்போகிறது என்றதும் எழும் எதிர்ப்பே கதையின் முதுகெலும்பு. மார்க்கத்தை ஆசிரியர் ஓரிடத்திலும் குறை கூறவில்லை. அறியாமையை மார்க்கமென்று காட்டி அதிகாரம் செய்வோரைத்தான் கேள்வி கேட்கிறார்.

இது எமக்கு அந்நியமான கதையன்று. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, நவீன கல்வியின் அவசியத்தை எமது சமூகத்துக்கு எடுத்துரைத்தார். 1885இல் ‘அஸன்பே சரித்திரம்’ என்ற நாவலையும் எழுதினார். இலங்கையில் தோன்றிய முதல் தமிழ் நாவல் என அதனைக் குறிப்பிடுவர். 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காகப் பாடசாலை ஒன்றையும் திறந்தார். அன்று அவர் எத்தனை வாசல்களில் மறுப்பைக் கேட்டிருப்பார் என்பதை மீரானின் நாவலை வாசித்தபோதுதான் என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. பாடநூலில் ஒரு வரியாக இருந்த ஆண்டு, நாவலில் ஓர் ஊரின் சண்டையாக விரிகிறது.

தூரத்துப் பச்சை

‘தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்பது பழமொழி. அதையே தலைப்பாக்கி, தமிழக ஊரொன்றிலிருந்து தோட்டத்துக்கு வந்து சேரும் ஒரு பெண்ணின் வாழ்வை எழுதினார் கோகிலம் சுப்பையா. நாவல் 1964இல் வெளிவந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் அதே ஆண்டு ஒக்டோபரில்தான். 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென அதில் முடிவாயிற்று. மனிதரை எண்களாகப் பிரித்த அந்த ஆண்டில், அவ்வெண்களுள் ஒருத்தியின் முகத்தைக் காட்டியது இந்நாவல்.

1820களில் கோப்பித் தோட்டங்களோடு தொடங்கியது இந்த வருகை. 1869இல் கோப்பிச் செடியை நோய் தாக்கியது. கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் கட்டினார்கள். கொடுத்த முற்பணம் கடனாக நின்றது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் அக்கடனைக் குறிக்கும் ‘துண்டு’ இல்லாமல் முடியாது. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி நீக்கப்பட்டது. இவற்றையெல்லாம் வரலாற்று நூல்களிலும் வாசிக்கலாம். ஆனால் பெரட்டுக்களத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவள் என்ன நினைத்திருப்பாள் என்பதற்கு அந்நூல்களில் இடமில்லை. இந்த நாவல் லயத்து வாசலில், அதிலும் பெண்ணின் பக்கத்தில் நின்று பேசுகிறது.

எரியும் பனிக்காடு

பி. எச். டேனியல் தமிழ்நாட்டின் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிற்சங்கத்திலும் ஈடுபட்டவர். 1969இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவலை இரா. முருகவேள் தமிழாக்கினார். கதை 1925இல் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையில் பஞ்சத்தால் வாடும் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி மலையேறுகிறார்கள். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கையில் வருவது காசல்ல, மேலும் கடன். காய்ச்சலோ லயம் லயமாக ஆட்களைக் கொண்டுபோகிறது. இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’ (2013) திரைப்படம் இந்நாவலைத் தழுவியதே. படம் பார்த்தவர்களும் நாவலைத் தனியாக வாசிக்க வேண்டும், படம் பல இடங்களில் விலகிச் செல்கிறது.

வால்பாறைக்கும் எங்கள் மலைக்கும் இடையே கடல் இருக்கிறது. ஆனாலும் பஞ்சம், முற்பணம், கடன், லயம் என்ற வரிசை இரண்டிடத்திலும் மாறவில்லை. டேனியல் இக்கதையை வெறும் கற்பனையால் கட்டவில்லை. முதிய தொழிலாளர் தம் வாயால் சொன்ன பழைய நினைவுகளைக் கேட்டே எழுதினார். சோழருக்குக் கல்வெட்டு இருந்ததால் கல்கி அதை எடுத்துக்கொண்டார். கல்வெட்டு இல்லாதவர்களுக்கு முதியோரின் நினைவுதான் கல்வெட்டு.

எமது மலைக்கு எது சான்று?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களோடு, அந்த வீடுகளுக்குள் இருந்த பத்திரங்களும் படங்களும் கடிதங்களும் மண்ணுக்குள் போயின. யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தலைமுறையில் எந்த லயத்துக்குக் குடிபோனார்கள் என்று சொல்லக்கூடிய முதியோரும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் பேரும் கூலியும் இருக்கலாம். அவர்களுடைய பயமும் சிரிப்பும் அதில் இருக்காது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலையல்ல இது. மலைநாட்டுக் கடைவீதிகளில் தலைமுறைகளாக வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் நினைவிலும் அதே தோட்டங்களின் கதை இருக்கிறது. சம்பள நாளில் கடையில் நின்ற கூட்டம், கடன் கொப்பியில் இருந்த பெயர்கள், மழைக் காலத்தில் வாராத வாடிக்கையாளர் என எத்தனையோ. எமது மூத்தம்மாமாரும் வாப்பும்மாமாரும் இவற்றைச் சொல்வார்கள், நாம் கேட்டால்.

ஆகவே சகோதரிகளே, வரும் விடுமுறையில் இந்நான்கில் ஒன்றையாவது வாசியுங்கள். வாசித்த கையோடு வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து சில கேள்விகள் கேளுங்கள். எங்கிருந்து வந்தோம்? முதலில் எந்த வீட்டில் இருந்தோம்? அன்று அரிசி என்ன விலை? எந்த ஆண்டு எல்லோரும் பயந்தார்கள்? சொன்னதைச் சொன்னபடியே, அவர்களுடைய சொற்களிலேயே ஒரு கொப்பியில் எழுதி, திகதியும் இடுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு அப்பக்கங்களிலிருந்து ஒரு கதை வந்தாலும் போதும். நாளை இம்மலைகளைப் பற்றி நாவல் எழுதப்போகிறவருக்கு அதுவே முதற் சான்றாகும்.