உடலை விட்டு வெளியேற முடியுமா?

தூக்கத்தின் வாசலில் நடக்கும் அதிசயம்

இரவு ஷிப்ட் முடிந்து வந்து, பகலில் படுக்கிறார் ஒரு தொழிலாளி. கண் சொக்குகிறது. திடீரென்று உடம்பெல்லாம் 'கிர்' என்று அதிர்கிறது. கை, கால் அசையவில்லை. கத்தப் பார்க்கிறார், குரல் வரவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போல் இருக்கிறது.

எழுந்ததும், "அமுக்குவான் பேய் அமுக்கிவிட்டது" என்கிறார். ஊரிலிருந்து மந்திரித்த கயிறு வரவழைக்கும்படி அறை நண்பர்கள் யோசனை சொல்கிறார்கள்.

நம்மவர்கள் பயப்படும் இதே நிலையை, அமெரிக்காவில் சிலர் வேண்டுமென்றே வரவழைத்துக் கொள்கிறார்கள். உடலை விட்டு வெளியே போக இதுவே வாசல் என்பது அவர்கள் நம்பிக்கை!

படுக்கையில் இருந்தவர் யார்?

இவர்களுக்கு வழிகாட்டி ராபர்ட் மன்றோ. ரேடியோ நிகழ்ச்சிகள் தயாரித்து வந்த வியாபாரி. சாமியார் அல்ல.

1958-ம் ஆண்டு, படுத்தவுடன் உடல் அதிரும் அனுபவம் அவருக்கு அடிக்கடி ஏற்பட்டது. ஒரு நாள் இரவு, தோள் எதிலோ இடிப்பது போல் இருந்தது. சுவர் என்று நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, அது வீட்டுக் கூரை! கீழே பார்த்தார். கட்டிலில் மனைவி தூங்கிக் கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் ஆள். யார் அது என்று உற்றுப் பார்த்தால், அவரேதான்!

செத்துவிட்டோம் என்று பதறி, உடலுக்குள் பாய்ந்ததாக மன்றோ எழுதியிருக்கிறார். மூளையில் கட்டியோ என்று பயந்து டாக்டரிடம் ஓடினார். நோய் எதுவும் இல்லை என்றார் டாக்டர். அதன் பிறகு பயம் போய் ஆராய்ச்சி தொடங்கியது. 1971-ல் அவர் எழுதிய புத்தகம் உலகெங்கும் பரவியது. 1995-ல் அவர் காலமானார்.

வடக்கே தலை!

அவர் கூறிய முறை இதுதான்: இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, நகைகளைக் கழற்றிவிட்டுப் படுக்க வேண்டும். உடல் தூங்க வேண்டும். மனம் தூங்கக் கூடாது. அந்த எல்லைக் கோட்டில் நின்று அதிர்வு வரும் வரை காத்திருக்க வேண்டும். வந்ததும், மேலே மிதப்பதாக நினைக்க வேண்டும்.

தலையை வடக்கே வைத்துப் படுக்கவும் சொன்னார் மன்றோ. "வடக்கே தலை வைக்காதே" என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு நேர் எதிர்!

தமிழருக்கு இந்தச் செய்தி புதிதல்ல. மாடு மேய்த்த மூலனின் உடலில் ஒரு சிவயோகி புகுந்து, திருமூலர் ஆனார் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. 'கூடு விட்டுக் கூடு பாய்தல்' என்று அதற்குப் பெயர்.

ஐந்து எண்கள்

உண்மையிலேயே உயிர் வெளியே போகிறதா? கலிபோர்னியாவில் சார்லஸ் டார்ட் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ஒரு பெண்ணைச் சோதித்தார். படுத்தபடி பார்க்க முடியாத உயரத்தில், ஐந்து எண்கள் எழுதிய தாளை வைத்தார். நாலாவது இரவில் அந்தப் பெண் 25132 என்று சரியாகச் சொன்னாள்!

1968-ல் இது வெளியாயிற்று. ஆனால் டார்ட்டே இதை முடிவான சான்று என்று கூறவில்லை. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் எண் தெரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது.

2002-ல் ஜெனீவா டாக்டர்கள் வெளியிட்ட செய்தி வேறு விதமானது. காக்காய் வலிப்புக்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மூளையில், வலப்புறத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இலேசாக மின்சாரம் செலுத்தினார்கள். உடனே, தான் மேலே மிதப்பதாகவும், கட்டிலில் கிடக்கும் தன் கால்கள் தெரிவதாகவும் அந்தப் பெண் சொன்னாள். மின்சாரத்தை நிறுத்தியதும் அந்த உணர்வு நின்றது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற உணர்வை மூளைதான் உண்டாக்குகிறது என்பது இதனால் தெரிகிறது.

பேயும் அல்ல, சித்தும் அல்ல

கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாமல் இருக்க, மூளை தசைகளுக்குப் பூட்டுப் போடுகிறது. பூட்டுத் திறக்கும் முன் மனம் விழித்துக் கொண்டால், அதுவே அமுக்குவான் பேய்! சில விநாடி, மிஞ்சினால் சில நிமிடம். ஆபத்து இல்லை. தூக்கம் குறைந்தவர்கள், ஷிப்ட் மாறுபவர்கள், மல்லாந்து படுப்பவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வரும்.

வந்தால் பதற வேண்டாம். மூச்சை நிதானமாக விட்டு, ஒரு விரலை மட்டும் அசைக்க முயன்றால் போதும். ஒருக்களித்துப் படுப்பது நல்லது. பகலில் அடக்க முடியாத தூக்கமும், சிரித்தால் கால் துவளுவதும் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பறந்து பார்க்க ஆசைப்பட்டு, பாதி ராத்திரி வரை விழித்துக் கிடப்பவர்கள் ஒன்றை நினைக்க வேண்டும். காலையில் மெஷின் முன்னால் நிற்கப் போவது இந்த உடல்தான். அது கண் அயர்ந்தால் போவது விரல். மாதாமாதம் ஊருக்கு மணியார்டர் அனுப்பியதும், இன்று பாங்கில் பணம் போடுவதும் அந்த விரல்களின் உழைப்பால்தான்!