பழைய பட்டு வாங்கப் போறீங்களா? ஜரிகையைச் சுரண்டிப் பாருங்க!

மகளுக்குக் கல்யாணம். கையில் பணமோ கொஞ்சம். புதுக் காஞ்சீபுரம் பட்டு விலை கேட்டால் தலை சுற்றுகிறது!

ஊத்துக்கோட்டையில் பஸ் ஏறி, பெரியபாளையம், செங்குன்றம் தாண்டிச் சென்னைக்குப் போகும் தாய்மாரிடம் "ஒரே தடவை கட்டின பட்டும்மா, பாதி விலை" என்று ஒருவர் நீட்டினால்? ஆசை வராமல் இருக்குமா?

தாராளமாக வாங்கலாம். அவசரப்பட்டால்தான் ஆபத்து!

அசலா? போலியா?

சிவப்புப் பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசுவதே அசல் ஜரிகை. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சீபுரம் பட்டுக்கு மதிப்பே இந்த ஜரிகைதான்.

முந்தானை ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளை நூல் தெரிந்தால் உஷார்! சிவப்பு தெரிந்தாலும், விபரம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

கடைக்காரரிடம் கேட்டு ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றமும், பொடியாகும் சாம்பலும் வந்தால் பட்டு. உருகி உருண்டையானால் பாலியஸ்டர்!

புடவையை முழுதாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வருஷக்கணக்கில் பிரிக்காத பட்டு, மடிப்பில் இற்றுப்போகும்.

பாத்திரத்துக்குப் போடாதீங்க!

தெருவில் "பழைய பட்டுக்குப் பாத்திரம்" என்று கூவி வருபவரிடம் பாட்டி புடவையைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் கண் முழுக்க ஜரிகை வெள்ளி மேல்தான்! அன்றைய வெள்ளி விலையைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்.

அதைவிட, பஸ் ஏறும் முன் பாட்டியின் பெட்டியைத் திறந்து பாருங்க. கல்யாணப் பட்டு அதிலேயே இருக்கலாம்!