இணையத்தில் தரகு

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை நீங்கள் கண்டதுண்டா? அங்கே விலை வாய்ச்சொல்லாக வெளிவராது. தரகர் தம் தோளில் கிடக்கும் துண்டை விரித்து, அதன் கீழே வாங்குவோர் கையைப் பற்றுவார். விரல்களைப் பிடித்தும் மடக்கியும் விலையைக் குறிப்பார். பின்பு விற்போர் கையையும் அவ்வாறே பற்றுவார். சுற்றி நிற்போர் எத்துணை உற்று நோக்கினும் விலை இன்னதென்று அறியார்.

என் பன்னிரண்டாம் வயதில், சோழபுரத்திலிருந்து என் தந்தையார் உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் புறப்பட்டபோது யானும் உடன் சென்றேன். தரகர் ஒருவர் ஒரு காளையைக் காட்டி, "ஐயா, இதைப்போல் சுழி சுத்தமான மாடு இச்சந்தையிலேயே இல்லை" என்றார். தந்தையார் அச்சொல்லை நம்பி வாங்கினார், தரகும் கொடுத்தார். ஏரில் பூட்டிய மறுநாளே அக்காளை உழவுசாலில் படுத்துக்கொண்டது. விற்றவரிடமும் அத்தரகர் மறைவாகத் தொகை பெற்றிருந்தார் என்பது பின்னரே தெரிய வந்தது. தந்தையார் சினங்கொள்ளவில்லை. "அவர் பணம் வாங்கியது பிழையன்று, அதை என்னிடம் சொல்லியிருந்தால், ஒருமுறை ஏர் பூட்டிப் பார்த்த பிறகே வாங்கியிருப்பேன்" என்று மட்டும் கூறினார்.

இத்தரகுத் தொழில் இன்று இணையத்திலும் நடைபெறுகின்றது. வணிகர் இதனை 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என்பர். அஃது இயங்கும் முறையைக் காண்போம்.

சோழபுரத்து இளைஞர் ஒருவர் மா வளர்ப்பினைப் பற்றி வலைப்பூவில் எழுதி வருகின்றார் என்று கொள்வோம். இராசபாளையம் பகுதி மாந்தோப்புகள் மிகுந்தது ஆதலின் அவருக்கு எழுதப் பொருட்குறைவு இல்லை. மருந்து தெளிக்கும் கருவி ஒன்றைப் பற்றி எழுதும்போது, அதனை விற்கும் இணையக் கடைக்குச் செல்லும் இணைப்பையும் அவர் கீழே தருகின்றார். அவ்விணைப்பினுள் அவருக்கென்று கடை வழங்கிய அடையாளக் குறி ஒன்று இருக்கும். படிப்பவர் இணைப்பைத் தொட்டவுடன், 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பு அவருடைய கணினியிலோ கைப்பேசியிலோ பதிவாகும். குறித்த காலத்துக்குள் அவர் பொருளை வாங்கினால், இளைஞருக்கு விலையில் நூற்றுக்கு இத்தனை என்று தரகு சேரும். அமேசான் கடையில் அக்காலவரை பொதுவாக 24 மணி நேரமே. பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் தரகும் போயிற்று.

இக்குக்கியை 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சார்ந்த லூ மொண்டுல்லி என்பார் உருவாக்கினார். அன்று நூல் விற்பனை மட்டுமே செய்து வந்த அமேசான், 1996ஆம் ஆண்டில் தன் துணைவர் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு நூலைப் பற்றித் தம் தளத்தில் எழுதுவோர் அதன் விற்பனையிலும் பங்கு பெறலாயினர்.

இதில் வருவாய் எத்துணை? ஒரு கணக்குப் போடுவோம். கட்டுரையை 1,000 பேர் படிக்கின்றனர்; 40 பேர் இணைப்பைத் தொடுகின்றனர்; இருவர் வாங்குகின்றனர். கருவியின் விலை 1,500 ரூபாய். தரகு நூற்றுக்கு 5. ஆக 150 ரூபாய். இருவருள் ஒருவர் திருப்பி அனுப்பினால் எஞ்சுவது 75 ரூபாய். ஒரே இரவில் இலட்சாதிபதி ஆகலாம் என்று விளம்பரம் செய்வோர் இக்கணக்கைச் சொல்லமாட்டார். அவர்களுள் சிலர், இத்தொழிலைக் கற்பிப்பதாகக் கூறிப் பெறும் கட்டணத்தாலேயே பிழைக்கின்றனர் போலும்!

வருவாய் பெருக வேண்டுமாயின் படிப்போர் பெருக வேண்டும். அவர்கள் மீண்டும் மீண்டும் வரவேண்டும். தாம் கையாண்டு பாராத கருவியை, தரகு மிகுதி என்பதற்காக ஒருவர் புகழ்ந்தெழுதினால், அதனை வாங்கிப் பழுதுற்ற உழவர் மறுமுறை அப்பக்கத்தைத் திறப்பாரோ? தெளிப்பானின் குழாய் ஓராண்டில் விரிசல் விட்டது என்று எழுதினால் அன்று இரண்டு விற்பனை குறையலாம். ஆயின் அவ்வாறு எழுதியவர், பிறிதொரு கருவி நன்று என்னும்போது உழவர் செவிசாய்ப்பர்.

இனி, என் தந்தையார் கூறியதையே நம் நாட்டுச் சட்டமும் கூறுகின்றது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூன் திங்களில் வெளியான வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவருக்கும் வணிகருக்கும் பணத்தொடர்பு இருப்பின் அதனை வெளிப்படக் கூற வேண்டும் என்கின்றன. பரிந்துரை, போதிய தகவலையோ பட்டறிவையோ கொண்டு எழுந்த உண்மைக் கருத்தாகவும் இருத்தல் வேண்டும். பொய்யாகப் பரிந்துரைப்போர்க்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்வோர்க்கு 50 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 2023 ஜனவரியில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விளக்கம், அவ்வறிவிப்பு பரிந்துரை அமைந்த மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்கின்றது. தமிழில் புகழ்ந்துவிட்டு, பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் நான்கு சொற்களை ஒளித்து வைத்தல் போதாது. "இவ்விணைப்பின் வழி நீங்கள் வாங்கினால் எனக்குத் தரகு கிடைக்கும்" என்று கட்டுரையின் தலைப்பகுதியிலேயே எழுதிவிட்டால், படிப்பவர் ஏர் பூட்டிப் பார்த்து வாங்குவார்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது. ஆதலின் கடையோடு நீங்கள் இன்று உடன்படிக்கை செய்துகொள்ள இயலாது. எழுதிப் பழகுவதற்கோ வயது வரம்பு இல்லை. வீட்டிலுள்ள கருவி ஒன்றை எடுத்து, அதன் நிறையும் குறையும் பத்து வரியில் எழுதிப் பாருங்கள்.