போர்க்கால வானொலி: உலை முதல் இலை வரை

கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் ஒரு ராத்திரி விழித்திருந்தவர்களுக்கு, போர்க்காலத்தில் ஒரு நாட்டின் வானொலி எப்படி நடக்கும் என்று சுலபமாகப் புரியும். இரண்டாம் உலகப் போரின்போது பிபிசி நடத்திய சமையலைப் பார்ப்போம்.

முதலில் அடுப்பு. 1939 செப்டம்பர் 1 அன்று தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. வட்டாரத்துக்கொன்றாக எரிந்துகொண்டிருந்த வானொலி அடுப்புகளையும் அவித்துவிட்டு, நாடு முழுவதற்கும் ஒரே உலையாக 'ஹோம் சர்வீஸ்' ஏறியது. ஒவ்வொரு ஒலிபரப்புக் கோபுரமும் தனி அலைவரிசையில் ஒலித்தால், எதிரி விமானி அதைப் பிடித்துக்கொண்டே ஊருக்கு வழி கண்டுவிடுவான். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை அனுப்பினால் அவனுக்குத் திசை குழம்பும். தாளிக்கிற வாசனையை வைத்து எந்த வீட்டில் சாம்பார் என்று சொல்லிவிடலாம். தெரு முழுக்கச் சாம்பார் கொதித்தால் எதைச் சொல்வது?

அடுத்தது சரக்கு. செய்தி நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கொடுத்தது போக, சொந்தக் கொள்முதலும் உண்டு. ஈவ்ஷம் என்ற சிற்றூருக்கு அருகே, பல மொழி தெரிந்தவர்கள் இரவும் பகலும் அந்நிய வானொலிகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். அவர்களில் பலர் ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்கள்.

பிறகு கல் பொறுக்க வேண்டும். அதுதான் தணிக்கை. போர் முடியும்வரை வானிலை அறிக்கையே கிடையாது. 'நாளை வானம் தெளிவு' என்பது குண்டு போட வருகிறவனுக்கு வைக்கும் வெற்றிலைபாக்கு. எழுதிக் கொடுத்ததைத் தாண்டி யாராவது பேசினால் ஒலிபரப்பை நிறுத்த, சுவிட்சில் கைவைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கல்லோடு நல்ல அரிசியும் போகத்தான் செய்தது. ஆனால் பரிமாறாமல் விடுவது வேறு, ஊசிப்போனதைப் பரிமாறுவது வேறு. பிபிசி பெரும்பாலும் முதலாவதைச் செய்தது. இரண்டாவதும் நடந்ததுண்டு: 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்கள் வீழ்த்தப்பட்டதாக அரசு கொடுத்த கணக்கை அப்படியே வாசித்தார்கள். உண்மை ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதேசமயம் தோல்வியை மூடி வைக்கவில்லை. 1942இல் சிங்கப்பூர் விழுந்த செய்தியைப் பிரதமர் சர்ச்சிலே அதே வானொலியில் சொன்னார். சோறு தீர்ந்துபோச்சு என்று தலைமைச் சமையல்காரரே பந்தியில் வந்து சொல்வது போல. அப்படிச் சொல்கிறவர் 'பாயசம் வருகிறது' என்றால் சனம் காத்திருக்கும். என் கணக்கில் அந்த வானொலியின் பலமே அதுதான்.

பரிமாறுகிற கையும் தெரிந்த கையாக இருக்க வேண்டும். அதுவரை பெயர் சொல்லாத செய்தி வாசிப்பாளர்கள் 1940இல் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். எதிரி போலிக் குரலில் புகுந்தால் மக்கள் அடையாளம் காணட்டும் என்பதற்காக. அந்த ஆண்டு அக்டோபர் 15 இரவு, லண்டன் ஒலிபரப்பு மாளிகையின் இசை நூலகத்தில் வெடிக்காமல் கிடந்த குண்டு, புரூஸ் பெல்ஃபிரேஜ் ஒன்பது மணிச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. கேட்டவர்களுக்கு 'தொம்' என்று ஒரு சத்தம், சின்ன இடைவெளி, பிறகு அதே குரல். ஊழியர்கள் 7 பேர் செத்துப்போனார்கள்.

இலைக்கு இலை பரிமாறல் மாறும். பிரெஞ்சு ஒலிபரப்பில், அர்த்தமில்லாதது போன்ற வாக்கியங்களுக்குள் தலைமறைவுப் போராளிகளுக்குச் சங்கேதம் போனது. இங்கிலாந்து வீடுகளுக்குக் காலை எட்டு மணிச் செய்தி முடிந்ததும் 'கிச்சன் ஃப்ரன்ட்' என்ற ஐந்து நிமிட நிகழ்ச்சி, ரேஷன் சரக்கில் எப்படிச் சமைப்பது என்று நிஜமான சமையலையே சொல்லிக்கொடுத்தது. இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளில் 1941 முதல் 1943 வரை ஜார்ஜ் ஆர்வெல் வேலை பார்த்தார். ஆள்கிறவன் சமைத்த சோறு அது. நம்மவர்கள் முகர்ந்து பார்த்து உண்டது நியாயமே.

அந்த அடுப்பில் 1941இல் தமிழுக்கும் ஓர் உலை ஏறியது. பின்னாளில் அதற்குத் 'தமிழோசை' என்று பெயர். 1990களில் மின்சாரமும் பேட்டரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் அந்தத் தமிழோசையைக் கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.